எண்ணெய் போக மீதித் தண்ணீர்

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்று சொல்லுகிறோம். மாமியார் மருமகள் சண்டையிலிருந்து மந்திரி சபைச் சண்டை வரையில் எதற்கும் இந்த உவமைதான் நமக்குக் கைகொடுக்கிறது. ஒட்டாத இந்த இரண்டையும் பிரித்து எடுப்பதற்கு மனிதர்கள் பட்ட பாட்டை உவமை சொல்லுகிறவர்கள் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம். நான் பார்த்திருக்கிறேன். முதன் முதலில் பார்த்தது எங்கள் அப்பத்தா வீட்டுக் கொல்லையில்.

கம்பம் பள்ளத்தாக்கில், சின்னமனூருக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். இன்று தேனி மாவட்டம். அந்தக் காலத்தில் மதுரை ஜில்லா. மலைக்கு அந்தப் பக்கம் பெய்கிற மழை பெரியாற்று அணையில் தேங்கி, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக 1895 முதல் எங்கள் பக்கம் வந்துகொண்டிருக்கிறது. அந்தத் தண்ணீரில் 14,707 ஏக்கர் இரு போகம் விளைகிறது என்பதைப் பள்ளத்தாக்கில் விவசாயிகள் யாரும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார்கள். தண்ணீர் பாய்கிற இடமெல்லாம் நெல். பாயாத காட்டில் எள்ளும் கடலையும். காட்டு ஓரத்தில் ஆமணக்கு.

வருஷத்துக்கு ஒரு முறை அப்பத்தா விளக்கெண்ணெய் காய்ச்சுவாள். ஆமணக்கு முத்தைப் பொன்னிறமாக வறுத்து, உரலில் இட்டு இடித்து, பெரிய பானையில் தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் கொட்டுவாள். சற்று நேரத்துக்கெல்லாம் நுரை கட்டும். நுரைக்கு அடியில் மஞ்சள் நிறமாக எண்ணெய் கசிந்து வந்து மேலே கூடும். அப்பத்தா விறகை இழுத்துத் தீயைத் தணித்துவிட்டு, பானைக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள். அதற்குப் பிறகு அவள் செய்த பெரிய காரியம் சும்மா இருந்ததுதான்.

ஒரு தடவை எனக்குப் பொறுமை போய்விட்டது. துடுப்பை எடுத்துப் பானையைக் கலக்கினேன். முதுகில் ஓர் அறை விழுந்தது.

"கலக்காதே ராசா! கலக்கினா எண்ணெய் தண்ணியோட தண்ணியாப் போயிரும். அது தானா மேலே வரும், விடு" என்றாள்.

பிறகு சிரட்டை அகப்பையால் மேலாக, தண்ணீர் ஏறாதபடி, எண்ணெயை வழித்து வழித்து எடுப்பாள். எடுத்த எண்ணெயை இன்னொரு சட்டியில் ஊற்றிக் காய்ச்சினால் சடசடவென்று வெடிக்கும். வெடிப்பு அடங்கினால் கடைசித் தண்ணீரும் போய்விட்டது என்று அர்த்தம். ஆறவைத்து ஜாடியில் ஊற்றினால் அந்த வருஷத்துக்கு விளக்குக்கும் வயிற்றுக்கும் கவலையில்லை.

பானையில் மீதி நின்ற தண்ணீரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையே. பழுப்பாக, ஒரு மாதிரி வாடையோடு இருக்கும். மேலே மெல்லிய படலம் வெயிலில் ஏழு நிறமும் காட்டும். கொல்லைக் கதவைத் திறந்தால் வாய்க்கால். கவிழ்த்துவிட்டால் ஒரு நொடி வேலை. ஆனால் அப்பத்தா என் சித்தப்பாவைக் கூப்பிட்டு, பானையைத் தூக்கிக்கொண்டுபோய்த் தோட்டத்தின் கோடியிலிருந்த குப்பைக் குழியில் ஊற்றச் சொல்லுவாள். சித்தப்பா முணுமுணுப்பார். "வாய்க்கால்ல ஊத்தினா கீழ் வயக்காரன் என்ன செய்வான்?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள். சித்தப்பா பானையைத் தூக்கிக்கொள்வார்.

பெட்ரோலிய எண்ணெயைப் பற்றி நான் முதன் முதலில் கேள்விப்பட்டது 1958-ல். அப்போது எனக்குப் பத்து வயது. தேநீர்க் கடையில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, பத்துப் பேர் கேட்கும் காலம் அது. "காம்பேயில் எண்ணெய் கிடைத்தது" என்று அவர் படித்தார். கேட்டவர்கள் காதில் அது "கம்பத்தில்" என்று விழுந்துவிட்டது! கடை இரண்டுபட்டது. பண்ணையார் ஒருவர் தம்முடைய மேட்டுக்காட்டை இனி யார் கேட்டாலும் விற்கப் போவதில்லை என்று அங்கேயே அறிவித்தார். காம்பே என்பது வடக்கே, இன்றைய குஜராத்தில், கடலோரத்தில் இருக்கிற ஊர் என்று விளங்குவதற்குள் இரண்டு சுற்றுத் தேநீர் ஆகிவிட்டது.

விளக்கிச் சொன்னவர் ரங்கூன் தாத்தா. அவருடைய சொந்தப் பெயர் ஊரில் பலருக்குத் தெரியாது. ரங்கூனுக்கு எதிர்க்கரையில் சிரியம் என்ற இடத்தில் இருந்த எண்ணெய் ஆலையில் கூலியாக வேலை செய்தவர். 1942-ல் ஜப்பானியர் வந்தபோது மற்றத் தமிழர்களோடு நடந்தே ஊர் திரும்பியவர். பண்ணையாரைப் பார்த்து அவர் சொன்னது இது: "எண்ணெய் வந்தா மட்டும் போதாதுங்க. கூடவே தண்ணி வரும். உப்புத் தண்ணி. அதை எங்கே கொண்டுபோய் விடுவீங்க?"

பண்ணையார் அந்தக் கேள்வியைப் பொருட்படுத்தவில்லை. உலகமும் வெகு காலம் பொருட்படுத்தவில்லை.

ரங்கூன் தாத்தா பேசிய எண்ணெய் பர்மாவின் நடுவே, ஐராவதி நதிக்கரையில் உள்ள எனான்ஜாங் என்ற ஊரிலிருந்து வந்தது. அங்கே பரம்பரை உரிமை பெற்ற குடும்பங்கள் கையால் கிணறு தோண்டி எண்ணெய் இறைத்து வந்தன. 1795-ல் ஆவா அரசரிடம் தூது போன மைக்கேல் சைம்ஸ் என்பவர் அந்தக் கிணறுகளைப் பார்த்து எழுதியிருக்கிறார். பர்மியர்கள் பெட்ரோலியத்துக்கு வைத்திருக்கும் பெயர் "எனான்". "ஏ" என்றால் தண்ணீர். "நான்" என்றால் நாற்றம். நாற்றத் தண்ணீர்! நாம் எள்ளின் நெய்யை எண்ணெய் என்றோம். மண்ணிலிருந்து வந்ததை மண்ணெண்ணெய் என்றோம். எண்ணெய் என்ற பெயரிலேயே நமக்கு நெய் மணக்கிறது. கிணற்றங்கரையில் நின்று இறைத்தவனுக்கு அது முதலில் தண்ணீராகவும் பிறகு நாற்றமாகவும்தான் தெரிந்திருக்கிறது. பெயர் வைப்பதில் பர்மாக்காரன் நம்மைவிட யோக்கியன் என்று சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் கதை தலைகீழாக ஆரம்பித்தது. பென்ஸில்வேனியாவில் சாமுவேல் கையர் என்பவர் குடும்பம் உப்புக் கிணறுகள் வைத்திருந்தது. பூமிக்கு அடியிலிருந்து உப்பு நீரை இறைத்துக் காய்ச்சி உப்பு எடுப்பது தொழில். அந்தக் கிணறுகளில் பாழாய்ப்போன எண்ணெய் கலந்து வந்து உப்பைக் கெடுத்தது. எண்ணெய்தான் அங்கே கழிவு. கையர் அதைப் பக்கத்திலிருந்த கால்வாயில் விட்டார். ஒரு நாள் கால்வாய்த் தண்ணீர் தீப்பிடித்துக்கொண்டது. தண்ணீர் எரிவதைப் பார்த்த பிறகுதான் இதில் பணம் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. முதலில் அதைப் புட்டியில் அடைத்துச் சர்வரோக நிவாரணி என்று விற்றார்; பிறகு காய்ச்சி விளக்குக்கு விற்றார். அதே மாகாணத்தில் 1859 ஆகஸ்டில், எட்வின் டிரேக் என்பவருக்காக உப்புக் கிணறு தோண்டிப் பழகிய ஒரு கொல்லர் குழாய் இறக்கி, எழுபது அடிக்குள் எண்ணெயைக் கண்டார். அந்த நாளோடு உப்பு நீரும் எண்ணெயும் இடம் மாற்றிக்கொண்டன. எண்ணெய் சரக்காயிற்று, தண்ணீர் கழிவாயிற்று. கால்வாயில் விடும் பழக்கம் மட்டும் மாறவில்லை.

எண்ணெய்க் கிணற்றில் தண்ணீர் எப்படி வருகிறது என்று நேயர்கள் கேட்கலாம். எண்ணெய் பூமிக்கடியில் குளம்போலக் கிடப்பதில்லை. கல்லுக்குள், கண்ணுக்குத் தெரியாத துளைகளில், நனைந்த பஞ்சில் இருப்பதுபோல இருக்கிறது. அந்தத் துளைகளில் எண்ணெய்க்கு முன்பே குடிவந்தது தண்ணீர். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் அங்கே இருந்த கடலின் தண்ணீர் கல்லோடு கல்லாக மூடுண்டு கிடக்கிறது. கிணறு திறந்ததும் இரண்டும் கைகோத்துக்கொண்டு வருகின்றன. இளங்கிணற்றில் தண்ணீர் குறைவாக வரும். கிணறு கிழடாக ஆகத் தண்ணீர் ஏறும். உலகம் முழுவதையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு ஏறக்குறைய மூன்று பீப்பாய் தண்ணீர் என்று கணக்குச் சொல்லுகிறார்கள். ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். ஆக, எண்ணெய்க் கம்பெனி என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிற ஸ்தாபனங்கள் எல்லாம் உண்மையில் தண்ணீர் இறைக்கிற ஸ்தாபனங்கள். எண்ணெய் உபரி வருமானம்!

இந்தத் தண்ணீர் கடல்நீரைப்போல உப்புக் கரிக்கும். சில இடங்களில் அதைவிட அதிகம். அதிலே எண்ணெய் துளித்துளியாகக் கலந்திருக்கும். கிணற்றிலிருந்து வருவதை முதலில் பெரிய இரும்புக் கலத்தில் விடுகிறார்கள். வாயு மேலே போகிறது, எண்ணெய் நடுவில் நிற்கிறது, தண்ணீர் அடியில் தங்குகிறது. எண்ணெயில் ஒட்டிக்கொண்டிருக்கும் தண்ணீரைச் சூடுகாட்டிப் பிரிக்கிறார்கள். எங்கள் அப்பத்தாவின் இரண்டாவது சட்டிதான், வேறில்லை. சூட்டுக்கும் மசியாத கலவை உண்டு. கலிபோர்னியாவில் காட்ரெல் என்ற ரசாயனப் பேராசிரியர் மின்சாரத்தைப் பாய்ச்சி அதைப் பிரித்துக் காட்டினார்.

இவ்வளவும் எண்ணெயைச் சுத்தப்படுத்துவதற்காகச் செய்தவை. எண்ணெயில் தண்ணீர் இருந்தால் விலை போகாது. ஆகையால் அதில் ஊக்கத்துக்குக் குறைவில்லை. தண்ணீரில் இருக்கும் எண்ணெயை எடுப்பது வேறு விஷயம். அதற்கு யாரும் விலை கொடுப்பதில்லை.

அதிலே இருக்கும் கஷ்டத்தை 1851-லேயே கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் கணக்காக எழுதி வைத்துவிட்டார். அவர் எண்ணெய்க்காக அதை எழுதவில்லை. ஒரு திரவத்தில் சிறு உருண்டை ஒன்று எவ்வளவு வேகமாக விழும், எவ்வளவு வேகமாக எழும் என்பது அவருடைய கேள்வி. விடை இது: உருண்டை பத்தில் ஒரு பங்காகச் சிறுத்தால் வேகம் நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். 150 மைக்ரான் குறுக்களவுள்ள எண்ணெய்த் துளியை, அதாவது இரண்டு தலைமயிர் கனமுள்ள துளியை, எடுத்துக்கொள்ளுங்கள். அசையாத தண்ணீரில் ஒரு மீட்டர் மேலே வர ஏறக்குறைய ஏழு நிமிஷம் பிடிக்கும். 15 மைக்ரான் துளிக்கு அரை நாள். ஒன்றரை மைக்ரான் துளி என்றால் ஐம்பது நாள்! எந்த ஆலையில் ஐம்பது நாள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார்கள்?

அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் வகுத்த தொட்டி 1933-ல் பிலடெல்பியா ஆலை ஒன்றில் முதலில் அமைந்தது. நீளமான, ஆழம் குறைந்த தொட்டி. தண்ணீர் ஒரு முனையில் புகுந்து மறு முனைக்கு நிதானமாக நடந்து போகும். போவதற்குள் எண்ணெய் மிதந்துவிடும். மேலே ஓடும் பலகை அதை வழித்துத் தள்ளும். இன்றும் உலகமெங்கும் எண்ணெய் ஆலைகளில் இந்தத் தொட்டிதான் முதல் காவல். 150 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துளிகளுக்காக அது வகுக்கப்பட்டது. சின்னத் துளிகள் அதை ஏமாற்றிக்கொண்டு போய்விடும்.

சின்னத் துளி எங்கிருந்து வருகிறது? பெரிய துளியைக் கலக்கினால் வருகிறது. எண்ணெய்த் தண்ணீரை வேகமாகச் சுழலும் பம்பில் விட்டால் போதும், பெரிய துளியெல்லாம் பொடிப்பொடியாகிவிடும். அப்புறம் எவ்வளவு பெரிய தொட்டி கட்டியும் பிரயோஜனமில்லை. ஆகவே பிரிப்பதற்கு முன் தண்ணீரைப் பதமாக, அலுங்காமல் நடத்த வேண்டும் என்று எஞ்சினியர்களுக்குப் பாடப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் படித்தபோது என் முதுகு ஒரு முறை சிலிர்த்தது.

பிறகு வந்தவர்கள் தொட்டிக்குள் தகடுகளைச் சாய்வாக அடுக்கித் துளி ஏற வேண்டிய தூரத்தைக் குறைத்தார்கள். சுரங்கத்தில் உலோகக் கல்லை நுரையில் மிதக்கவிடும் வித்தையைக் கடன் வாங்கி, தண்ணீருக்குள் வாயுக் குமிழிகளை விட்டு எண்ணெயை அவற்றின் முதுகில் ஏற்றி அனுப்பினார்கள். இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் சர்வகலாசாலையில் ஒரு சிறு கூம்புக் குழாய் செய்தார்கள். தண்ணீர் அதில் பம்பரமாகச் சுழலும்போது கனமான தண்ணீர் வெளிச் சுவரை ஒட்டிப் போய்விடும், லேசான எண்ணெய் நடுவில் நூலாகத் திரளும். மத்தால் கடைந்து வெண்ணெய் எடுக்கும் நமக்கு இது அதிசயமாகப் படாது. 1980-களில் கடலின் நடுவே எண்ணெய் எடுக்கும் மேடைகளில் இந்தக் கூம்பு புகுந்தது. அங்கே பெரிய தொட்டி கட்ட இடம் ஏது?

இவ்வளவும் செய்த பிறகும் கொஞ்சம் எண்ணெய் தண்ணீரில் இருக்கத்தான் செய்யும். அது எவ்வளவு இருக்கலாம் என்று சட்டம் சொல்லுகிறது. நம் தேசத்தில் ஆறு குளங்களில் விடும் கழிவு நீருக்கு லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்பது பொது விதி. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு 2008-ல் அதை 5 ஆக இறுக்கினார்கள். பத்து மில்லிகிராம் என்றால் ஆயிரம் லிட்டர் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி எண்ணெய். இவ்வளவுதானா என்று தோன்றும். 1774-ல் பெஞ்சமின் பிராங்க்ளின் வெளியிட்ட ஒரு சோதனை நினைவுக்கு வருகிறது. லண்டனுக்குப் பக்கத்தில் கிளாப்பம் என்ற இடத்துக் குளத்தில் அவர் ஒரே ஒரு தேக்கரண்டி எண்ணெயை விட்டார். அது பரவிப் பரவி அரை ஏக்கர் அளவு நீர்ப்பரப்பைக் கண்ணாடிபோல ஆக்கிவிட்டது. தேக்கரண்டியை நாம் நாக்கினால் அளக்கிறோம். குளம் அதை வேறு விதமாக அளக்கிறது.

நம்முடைய நாட்டில் அஸ்ஸாமில் திக்பாய் ஆலை 1901-லேயே வந்துவிட்டது. தமிழ் நாட்டுக்கு எண்ணெய் வர எண்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1956-ல் ஏற்பட்ட எண்ணெய் இயற்கை எரிவாயுக் கமிஷன் 1960-களில் காரைக்கால் பக்கம் ஆழ்கிணறு இறக்கிப் பார்த்தது. 1980-களின் நடுவில் நரிமணத்திலும் கோவில்களப்பாலிலும் எண்ணெய் கிடைத்தது. நரிமணத்து எண்ணெயைச் சுத்திகரிக்க, பக்கத்திலே பனங்குடியில் 1993-ல் ஓர் ஆலையும் எழுந்தது.

எண்ணெய் கிடைத்த இடத்தைக் கவனியுங்கள். காவிரியின் கடைமடை. எங்கள் பள்ளத்தாக்கு பெரியாற்றுத் தண்ணீருக்குத் தலைமடை. கீழே இருப்பவனை நினைத்துக்கொள்ள வேண்டிய இடம். கடைமடைக்காரனுக்குக் கீழே கடல்தான். மேட்டூரில் திறந்த தண்ணீர் வரவேண்டும், கர்நாடகத்தோடு வழக்குத் தீரவேண்டும், கடல் உள்ளே ஏறாமலும் இருக்கவேண்டும். இத்தனையும் கூடி வந்தால் அவனுக்கு ஒரு போகம்.

சில வருஷங்களுக்கு முன் நாகூர் போயிருந்தபோது நரிமணம் பக்கம் ஒரு மாலை நடந்தேன். பச்சை வயல்களுக்கு நடுவே மதில். மதிலுக்கு உள்ளே வெள்ளி நிறத் தொட்டிகள். உயரமான குழாயின் உச்சியில் தீ ஒன்று காற்றில் படபடத்தது. வரப்பில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், நான் பேனாவும் பையுமாக நிற்பதைப் பார்த்துப் பத்திரிகைக்காரன் என்று நினைத்துக்கொண்டார்.

"ஐயா, எண்ணெய் எங்கே போவுதுன்னு எங்களுக்குத் தெரியும். லாரி போவுது, குழாய் போவுது. கூட வர்ற தண்ணி எங்கே போவுதுன்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

ரங்கூன் தாத்தாவின் கேள்வி! அறுபது வருஷம் கழித்து, முன்னூறு கிலோமீட்டருக்கு அப்பால், முன்பின் தெரியாத ஒருவர் வாயிலிருந்து.

எண்ணெய்த் தொழிலின் பொது விடை எனக்குத் தெரிந்திருந்தது, சொன்னேன். தண்ணீரைத் தொட்டிகளில் பிரித்து, வடிகட்டி, அது வந்த ஆழத்துக்கே இன்னொரு கிணறு வழியாகத் திருப்பி அனுப்புவார்கள். அதுதான் நல்ல வழி. கல்லுக்குள் அழுத்தம் குறையாமல் இருக்கவும் அது உதவும். பெரியவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "அந்தக் கிணத்துக் குழாய் எங்க குடிதண்ணி மட்டத்தைத் தாண்டித்தானே கீழே போவணும்?" என்றார். ஆமாம், தாண்டித்தான் போகவேண்டும். அதனால்தான் குழாயைச் சுற்றிச் சிமெண்டு பூசுகிறார்கள், அடிக்கடி சோதிக்கவேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். "சோதிச்ச சீட்டை ஊர்ச் சாவடியிலே ஒட்டலாமில்லே?" என்றார் அவர். இதற்கு என்னிடம் விடையில்லை. ஒட்டலாம், ஒட்டினால் என்ன குறைந்துவிடும்?

2017 ஜூன் 30-ஆம் தேதி கதிராமங்கலத்தில் வயலுக்கு அடியில் போன எண்ணெய்க் குழாய் கசிந்து, கச்சா எண்ணெய் மண்ணில் பரவியது. ஜனங்கள் கூடினார்கள், தீயும் பற்றியது, போலீஸ் தடியடி, கைது, மாதக் கணக்கில் போராட்டம் என்று அந்தக் கதை பத்திரிகைகளில் வந்தது. அதே வருஷம் நெடுவாசலிலும் போராட்டம். 2020-ல் சட்டசபை காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிப் புதிய எண்ணெய்க் கிணறுகளுக்குத் தடை விதித்தது. ஏற்கெனவே நடந்துவந்த வேலைகளை அந்தச் சட்டம் தொடவில்லை. பழைய கிணறுகளுக்கு வயது ஏறும். வயது ஏற ஏறத் தண்ணீர் ஏறும் என்று முன்னமே சொன்னேன்.

ஆனாலும் எண்ணெயைத் தண்ணீரிலிருந்து பிரிக்கும் வேலையைத் தமிழர்கள் கண்கூடாகப் பார்த்தது காவிரிக் கரையில் அல்ல. சென்னைக்கு வடக்கே எண்ணூரில்.

மணலியில் சென்னைச் சுத்திகரிப்பு ஆலை 1969 முதல் நடக்கிறது. அன்றைய பெயர் மதராஸ் ரிபைனரீஸ். அங்கும் தொட்டிகள் உண்டு, எஞ்சினியர்கள் உண்டு, எல்லாம் உண்டு. ஆனால் தொட்டிக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, அவகாசம். ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு தண்ணீர் வரும் என்று கணக்குப் பார்த்துத் தொட்டி கட்டுகிறார்கள். அதைப்போலப் பத்து மடங்கு ஒரே இரவில் வந்தால் எந்த ஊர்த் தொட்டியும் வாய்க்காலாகிவிடும். அதுவரை பிடித்து வைத்திருந்த எண்ணெயையும் சேர்த்து அடித்துக்கொண்டு போய்விடும். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியது. வெள்ளம் வடியும்போது பக்கிங்ஹாம் கால்வாயிலும் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் கறுப்பாக எண்ணெய் மிதந்தது. எங்கள் குழாய் எதுவும் ஒழுகவில்லை என்றது ஆலை. ஆலை வளாகத்திலிருந்து போன மழைநீரோடுதான் எண்ணெய் போயிருக்கிறது, மழைநீரைச் சமாளிக்கும் ஏற்பாடு போதவில்லை என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது.

வழக்கு நடக்கட்டும். கழிமுகத்தில் எண்ணெயை யார் எடுப்பது? எண்ணெயை உறிஞ்சும் இயந்திரங்களும் மிதவைத் தடுப்புகளும் வந்து சேர நாளாயிற்று. வந்த பிறகும் அலையாத்திச் செடிகளுக்கு நடுவே, சேற்று ஓரங்களில், அவை நுழைய முடியவில்லை. காட்டுக்குப்பம் முதலான ஊர்களின் மீனவர்கள் தங்கள் படகுகளை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். கையில் பிளாஸ்டிக் குவளை. படகின் ஓரத்தில் குனிந்து, தண்ணீர் ஏறாதபடி மேலாக எண்ணெயை வழித்து, பீப்பாயில் ஊற்றினார்கள். 2017 ஜனவரியில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டபோதும் கரையில் வாளி பிடித்து நின்றவர்கள் உண்டு. அப்போது நாடு முழுவதும் அந்த வாளியைப் பார்த்துச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஸ்டோக்ஸ், காட்ரெல், சவுத்தாம்ப்டன் கூம்பு எல்லாம் தாண்டி வந்தும் கடைசியில் வேலை அகப்பைக்கு வந்து நிற்கிறது. என் அப்பத்தாவின் அகப்பையில் வந்தது அவள் வீட்டு எண்ணெய். இவர்கள் வழித்தது இவர்களுடையதல்ல. குவளைக்கு அடங்காத சின்னத் துளிகளோ ஐம்பது நாள் கணக்கைச் சேர்ந்தவை.

சில மாதங்களுக்குப் பிறகு நான் எண்ணூர் போனேன். தண்ணீர் பார்வைக்குத் தெளிவாகத்தான் இருந்தது. அலையாத்திச் செடிகளின் தண்டில் மட்டும், இடுப்பளவு உயரத்தில், மட்டப்பலகை வைத்துக் கோடு போட்டதுபோல ஒரு கறுப்புப் பட்டை. படகு தள்ளி வந்த இளைஞர் அதை நகத்தால் சுரண்டி என்னிடம் காட்டினார். மோந்து பார்த்தேன். நாற்றத் தண்ணீர் என்று பெயர் வைத்தவர்கள் நினைவு வந்தது. "இறால் எப்படி?" என்று கேட்டேன். "கிடைக்குதுங்க. எண்ணூர் இறால்னு சொன்னா வாங்கத்தான் யோசிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு, விரலை லுங்கியில் துடைத்துக்கொண்டு வலையை உதறத் தொடங்கினார்.